பதில்: ஜனவரியில் அந்தமான், மாலை நேரங்களை எப்படி அமைப்பது?

வணக்கம். பெற்றோருடன் செல்லும் ஐந்து நாள் பயணத்தில் ராதாநகர் கடற்கரையின் சூரிய அஸ்தமனம், பௌர்ணமி இரவில் கயாக், பாராடாங்கில் கிளிகள் ஆகிய மூன்றையும் சேர்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும், ஆனால் வரிசையை மாற்ற வேண்டும்.

அந்தமான் மிகவும் கிழக்கே இருந்தும் இந்திய நேரத்தையே பின்பற்றுவதால், ஜனவரி நடுவில் அங்கே மாலை 5.15 அளவிலேயே, அதாவது சென்னையைவிட ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாக, சூரியன் மறைந்துவிடும். நீங்கள் குறிப்பிட்ட பிற்பகல் கப்பலில் ஹேவ்லாக் தீவுக்குச் சென்று இறங்கி, அறையில் பெட்டிகளை வைத்துவிட்டு, தீவின் மறுகரையிலுள்ள ராதாநகரை அடைவதற்குள் வெளிச்சம் போய்விடக்கூடும். ஆகவே காலைக் கப்பலிலேயே செல்லுங்கள். நான்கு மணிக்கெல்லாம் மணலில் அமர்ந்துவிட்டால் பெரியவர்களுக்கும் அவசரம் இராது. அதே தீவிலுள்ள விஜயநகர் கடற்கரை கிழக்கு நோக்கியது என்பதால் அதை விடியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கயாக் பயணத்தைத் தயவுசெய்து பௌர்ணமியில் வைக்காதீர்கள். அலையாத்திக் காட்டு ஓடைகளில் துடுப்பு பட்டதும் நீலமாக மின்னும் நுண்ணுயிரிகளின் ஒளி மிக மெல்லியது; நிலவொளியில் அது கண்ணுக்கே தெரியாது. அமாவாசையை ஒட்டிய இரவுகளே ஏற்றவை, தேதியையே மாற்றினாலும் தகும்.

பாராடாங்கை ஒட்டிய கிளித்தீவுக்குக் கிளிகள் அடைய வருவது அந்தி வேளையில். பாராடாங்குக்குச் செல்லும், ஜாரவா பழங்குடியினர் காப்பகத்தின் ஊடான சாலையில் வாகனங்கள் பகலில் குறித்த நேரங்களில் அணியாக மட்டுமே அனுமதிக்கப்படுவதால், அன்றிரவு பாராடாங்கில் தங்கியே ஆக வேண்டும். தங்க இயலாவிட்டால், அந்த மாலையை, தெற்கு அந்தமானில் சூரிய அஸ்தமனத்துக்குப் பெயர்பெற்ற சிடியா தாப்புக்குக் கொடுங்கள்.