‘தொடருங்கள்’ என்றதும் தொடர்ந்தவர்கள்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியை ஒருவரின் பதில்கள்

கேள்வி: மில்கிராமின் ஷாக் பரிசோதனையைப் பற்றிப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. மேலே இருப்பவர் சொன்னால் நாம் யாரையும் வதைக்கத் தயாராகிவிடுவோமா? மனிதர்கள் அவ்வளவுதானா?
– வாசகி, திருச்சி

பதில்: இல்லை அம்மா. நீங்கள் படித்தது பாதிக் கதை.

1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் இதைத் தொடங்கினார். ஞாபகசக்தி பற்றிய ஆய்வு என்று சொல்லித்தான் ஆட்களை வரவழைத்தார். அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம் அவருக்கு ஷாக் கொடுக்க ஒரு ஸ்விட்சைத் தட்ட வேண்டும். தயங்கினால் ‘தொடருங்கள்’ என்று உத்தரவு போட அதே அறையில் ஆய்வாளர் ஒருவர் இருப்பார். 15 வோல்ட்டில் ஆரம்பித்து 450 வரை 30 ஸ்விட்சுகள். உண்மையில் அங்கே யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை. உள்ளே இருந்தவர் மில்கிராம் ஏற்பாடு செய்த ஆள். ஸ்விட்ச் போட்டவருக்கு அது தெரியாது. 1963-இல் வெளியான கட்டுரைப்படி, 40 ஆண்களில் 26 பேர் கடைசி ஸ்விட்ச் வரை போனார்கள்.

பலரும் இந்தக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே கட்டுரையை மேலும் படியுங்கள். அவர்களுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சு திக்கியது. உதட்டைக் கடித்தார்கள், நகத்தால் தங்கள் சதையையே அழுத்திக்கொண்டார்கள். அடுத்தவர் வலியை ரசிப்பவர்கள் இப்படித் தவிக்க மாட்டார்கள். ‘போதும்’ என்று எழுந்து போவது எப்படி என்று தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் இவர்கள்.

பின்னால் மில்கிராம் அதே பரிசோதனையைக் கொஞ்சம் மாற்றி நடத்தினார். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர். அவர்களும் மில்கிராமின் ஆட்களே. ஒருவர் 150 வோல்ட்டில் ‘இனி மாட்டேன்’ என்று விலகுகிறார், மற்றவர் 210-இல். இம்முறை 40 பேரில் 4 பேர்தான் கடைசி வரை போனார்கள்! உத்தரவு போடுபவர் அறையைவிட்டுப் போய் ஃபோனில் சொன்னபோதும் கீழ்ப்படிந்தவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். சிலர் ‘ஏற்றிவிட்டேன்’ என்று அவரிடம் சொல்லிவிட்டு, சின்ன ஷாக்கையே கொடுத்தார்கள். எனக்கு அவர்களை ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: பொய் சொல்லி ஆட்களை வரவழைத்தது தப்பு என்கிறார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் ஆய்வே நடந்திருக்காதே?
– வாசகர், மதுரை

பதில்: 1964-இலேயே டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் மில்கிராமைக் கடுமையாகக் கேள்வி கேட்டார். ‘கலந்துகொண்டவர்களில் 84 சதவீதம் பேர் அதற்காக மகிழ்ச்சி என்றுதான் பின்னால் சொன்னார்கள்’ என்பது மில்கிராம் தரப்பு. நான் பாம்ரிண்ட் பக்கம். பின்னால் சொன்ன மகிழ்ச்சி, முன்னால் கேட்காத சம்மதத்துக்கு ஈடாகாது.

பொய்யைவிட என்னை உறுத்துவது வேறொன்று. தயங்குபவரிடம் சொல்ல நான்கு வாக்கியங்கள் தயாராக வைத்திருந்தார்கள். நான்காவது: ‘உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்.’ இன்றைய ஒப்புதல் படிவத்தில் இதற்கு நேர் எதிரான வரி இருக்கும்: ‘எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம்.’

அமெரிக்காவில் இப்படிப்பட்ட விதிகள் சட்டமானதற்குப் பெரிய காரணம் அலபாமா மாநிலத்தில் நடந்த டஸ்கிகீ கொடுமை. சிபிலிஸ் நோய் இருந்த 400 பேர் அளவிலான கறுப்பின ஆண்களை, நோய் என்னவென்று சொல்லாமல், பென்சிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல், 1932 முதல் 1972 வரை அரசு சுகாதாரத் துறையே வேடிக்கை பார்த்தது. பத்திரிகை அம்பலப்படுத்திய பிறகுதான் 1974-இல் சட்டம் வந்தது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஜெர்ரி பர்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் மில்கிராமின் பரிசோதனையைத் திரும்ப நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 150 வோல்ட்டோடு நிறுத்திவிட்டார். ‘விலகலாம், பணம் உங்களுக்கே’ என்று முன்கூட்டியே பலமுறை சொன்னார். முடிந்த உடனே உண்மையையும் விளக்கினார். அப்படியும் 10-க்கு 7 பேர் அதைத் தாண்டத் தயாராகவே இருந்தார்கள். ஆக, ஆளைக் கடைசி வரை வதைக்காமலும் கற்றுக்கொள்ள முடிகிறது.

கேள்வி: எங்கள் பேராசிரியை தன் ஆய்வுக்காக வகுப்பிலேயே கேள்வித்தாள் கொடுத்து நிரப்பச் சொல்கிறார். இன்டர்னல் மார்க் அவர் கையில். மறுக்கலாமா?
– கல்லூரி மாணவி

பதில்: தாராளமாக மறுக்கலாம். மார்க் போடுபவரே கேட்டால் மாணவர்கள் சுதந்திரமாகச் சம்மதிக்க முடியாது. ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு இருப்பதே இதையெல்லாம் பார்க்கத்தான். ‘மேடம், இதற்குக் குழுவின் அனுமதி இருக்கிறதா? பெயர் எழுதாமல் தரலாமா?’ என்று மரியாதையாகக் கேளுங்கள். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் தோழி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் தாளை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.