கல்லூரியில் பூட்டுத் திறக்கும் மன்றம் தொடங்கலாமா?

கேள்வி: கோவையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பூட்டின் உள்ளமைப்பைப் படித்து, சாவியில்லாமல் திறந்து பழகுவது எங்கள் பொழுதுபோக்கு. 14 பேர் சேர்ந்து மன்றமாக நடத்த அனுமதி கேட்டோம். "திருட்டுக் கருவியாச்சே, போலீஸ் வந்தால் யார் பதில் சொல்வது?" என்கிறார் முதல்வர். ஆன்லைனில் வாங்கிய இரண்டு செட் கருவிகள் என் விடுதி அறையில் இருக்கின்றன. வைத்திருப்பதே குற்றமா?

பதில்: இல்லை. பூட்டுத் திறக்கும் கருவியை வெறுமனே வைத்திருப்பதைக் குற்றமாக்கும் பிரிவு எதுவும் குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) கிடையாது.

முதல்வரின் பயமும் காரணமில்லாமல் வந்ததல்ல. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி, வீடு புகுந்து திருடப் பயன்படும் கன்னக்கோல் வகைக் கருவியைத் தக்க காரணமின்றி வைத்திருப்பவரைப் பிடிவாரண்டு இல்லாமலே கைது செய்யலாம். காரணத்தை நிரூபிப்பதும் அவர் பாடு. 2010-இல் அமலுக்கு வந்த திருத்தத்தில் அந்த வாசகம் நீங்கியது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) 35-ஆம் பிரிவிலும் அது இல்லை. ஆனால் மாநிலக் காவல் சட்டங்கள் தனி. மகாராஷ்டிர போலீஸ் சட்டம் 122-ஆம் பிரிவின்படி, சூரியன் மறைந்தபின் இத்தகைய கருவியுடன் பிடிபட்டால் காரணத்தை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். மும்பையில் போட்டி என்று பையில் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள்.

உங்களுக்கு ஆபத்து வரக்கூடிய இடம் விடுதிதான். "மச்சான், ரூம் சாவியத் தொலச்சுட்டேன், திறந்து கொடுடா" என்று ஒருவன் வருவான். அறை அவனுடையதுதானா, உள்ளே இருக்கும் லேப்டாப் யாருடையது என்று அந்த நேரத்தில் யாரும் விசாரிப்பதில்லை. மறுநாள் அறைத்தோழனின் பொருள் காணவில்லை என்றால் முதலில் உங்கள் பெயர்தான் அடிபடும்.

விளையாட்டுக்குத் திறந்தாலும் சிக்கல்தான். பி.என்.எஸ். 329-ஆம் பிரிவின்படி, அறையைத் தன் வசம் வைத்திருப்பவரை எரிச்சலூட்டும் எண்ணத்தோடு நுழைந்தாலே அத்துமீறல்; திருடும் எண்ணம் வேண்டியதில்லை. குடியிருக்கும் கட்டடமும் பொருள்கள் வைக்கும் கட்டடமும் இதில் அடங்கும். ஆகவே லேப் ஸ்டோர் ரூமும் சேர்த்தி. பூட்டைத் திறந்து அப்படி நுழைந்தால் அது 330-இன்படி வீட்டை உடைத்து நுழைதல். அந்தப் பிரிவிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது: கதவு ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கி உள்ளே போவது. எதுவுமே உடையவில்லை, ஆனாலும் சட்டத்தின் பார்வையில் உடைத்ததுதான். தண்டனை 2 ஆண்டு வரை, இரவில் செய்தால் 3 ஆண்டு வரை (பிரிவு 331). நேர்மையற்ற நோக்கத்தோடோ சேதம் செய்யும் நோக்கத்தோடோ பெட்டி, பீரோ பூட்டை அவிழ்த்தால் பிரிவு 334; அதற்கும் 2 ஆண்டு வரை. அங்கும் உடைக்க வேண்டியதில்லை, அவிழ்த்தாலே போதும்.

அதனால் உலகெங்கும் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் காக்கும் இரண்டு விதிகளை மன்ற விதியின் முதல் வரியாக எழுதுங்கள்: உன்னுடையதல்லாத பூட்டை உரியவர் அனுமதியின்றித் தொடாதே, உபயோகத்தில் இருக்கும் பூட்டை, அது உன்னுடையதே ஆனாலும், தொடாதே. இரண்டாவதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. புதிதாகப் பழகுபவர்கள் டென்ஷன் ரெஞ்சை (பூட்டின் சிலிண்டரைத் திருப்ப விசை கொடுக்கும் வளைந்த கம்பி) அளவுக்கு மீறி அழுத்துவார்கள். பூட்டுக்குள் சாவி தள்ளும் சிறு துண்டுகளான பின்கள் இறுகிக்கொள்ளும், அவற்றைத் தள்ளும் மெல்லிய கருவியான பிக்கின் நுனி முறிந்து சிலிண்டருக்குள் தங்கும், அப்புறம் சாவியும் நுழையாது. கடைசியில் கதவை உடைத்துத்தான் திறக்க வேண்டிவரும்.

மன்றத்தைப் பதிவு செய்ய வேண்டுமா என்பது பெரிய விஷயமில்லை. கல்லூரிக்குள் நடக்கும் மன்றத்துக்கு முதல்வரின் எழுத்து அனுமதி போதும். வெளியே தனிச் சங்கமாக நடத்த நினைத்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975; குறைந்தது 7 பேர் வேண்டும்.

முதல்வருக்குக் கொடுக்கும் மனுவில் தத்துவம் வேண்டாம், ஏற்பாட்டை எழுதுங்கள். மெக்கானிக்கல் துறைப் பேராசிரியர் ஒருவர் பொறுப்பாளர். மாலை 4 முதல் 6 வரை, துறை லேபில் மட்டும். பலகையில் திருகிப் பொருத்திய 10 பூட்டுகள்: தொடக்கத்துக்கு உள்ளே தெரியும் கண்ணாடிப் பூட்டு இரண்டு, மற்றவை பின் வகை. பழகியபின், உள்ளே இருக்கும் தகடுகளைச் சாவி தூக்கித் திறக்கும் லீவர் வகைக்குப் போகலாம். நம் ஊர்ச் சரக்கான, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு அதற்கு நல்ல பாடம். எல்லாவற்றுக்கும் பில் மன்றத்தின் பெயரில். ஒவ்வொரு கருவிக்கும் எண் பொறித்து, பதிவேட்டில் தேதி, எண், பெயர், எடுத்த நேரம், திருப்பிய நேரம், கையெழுத்து. முடிந்ததும் எண்ணிப் பார்த்துத் துறை பீரோவில் வையுங்கள். தட்டித் திறக்கும் பம்ப் சாவி, கார் கதவு திறக்கும் பட்டை இரண்டும் மன்றத்தில் வேண்டாம். அவை வேகமாக உள்ளே நுழைவதற்கான சாமான், பொழுதுபோக்கு என்று சொன்னால் எடுபடாது.

உறுப்பினர்களிடம் உறுதிமொழி வாங்குங்கள். முதலாண்டு மாணவர்களில் 18 நிரம்பாதவர் இருப்பார்கள். பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். உறுதிமொழி யாரையும் குற்றத்திலிருந்து காப்பாற்றாது. ஆனால் ஒருவன் வெளியே போய்த் தப்பு செய்தால், கற்றுக்கொடுத்தவர் உடந்தை என்று எளிதில் சொல்ல முடியாது. குற்றத்துக்கு உதவும் எண்ணம் இருந்தால்தான் பி.என்.எஸ். பிரிவு 45-இன்படி உடந்தை. அந்த எண்ணம் இல்லை என்று காட்ட இந்தத் தாளும் பதிவேடும் உதவும்.

காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் அனுப்பலாம், ஆனால் அனுமதி கேட்காதீர்கள். இதற்கு அனுமதி தரும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பதில் வராத மனுவை நாளைக்கு மறுப்பு என்று காட்டுவார்கள். "எங்கள் கல்லூரியில் பொறுப்பாசிரியர் மேற்பார்வையில் பூட்டுத் தொழில்நுட்ப மன்றம் நடைபெறுகிறது என்பதைத் தங்கள் தகவலுக்காகத் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று முதல்வர் கையெழுத்தில் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைக் கோப்பில் சேருங்கள்.

யாராவது கருவியோடு நிறுத்தப்பட்டால் வாக்குவாதம் வேண்டாம். அடையாள அட்டை, அனுமதிக் கடித நகல் காட்டுங்கள். பறிமுதல் செய்தால் மகஜர் (பறிமுதல் பட்டியல்) நகல் கேளுங்கள், பி.என்.எஸ்.எஸ். 105-இன்படி பறிமுதலை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். பொருளைத் திரும்பப் பெற மாஜிஸ்திரேட்டிடம் அதே சட்டத்தின் 503-ஆம் பிரிவில் மனு செய்யலாம்.

விடுதி அறையில் இருக்கும் அந்த இரண்டு செட்டையும், வாங்கிய பில்லோடு, மனு கொடுக்கப் போகும் அன்றே எடுத்துக்கொண்டு போய்ப் பொறுப்பாசிரியரிடம் ஒப்படைத்து, பதிவேட்டில் எண் 1, எண் 2 என்று எழுத வையுங்கள்.