பெல்கிரேடு கட்டுப்படியாகும், மைத்துனரின் கணக்குதான் கட்டுப்படியாகாது

கேள்வி: என் வயது 41. கோவையில் ஓர் உதிரிபாக நிறுவனத்தில் மேலாளராக இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் ரூ.92,000, தீபாவளி போனஸ் ரூ.60,000. வீட்டுக் கடன் தவணை மாதம் ரூ.31,000. சென்ற ஆண்டு மைத்துனர் குடும்பத்துடன் பாலி சென்ற செலவு ரூ.3 லட்சத்தையும் என் கிரெடிட் கார்டில் போட்டு, 24 மாதத் தவணையாக மாற்றினேன். மாதம் ரூ.14,700 வீதம் இன்னும் 10 தவணைகள் பாக்கி. தன் பாதிப் பங்கில் அவர் இதுவரை தந்தது ரூ.40,000. இப்போது மே விடுமுறையில் இரு குடும்பமும், ஆறு பேர், செர்பியாவின் தலைநகரான பெல்கிரேடுக்குப் போகலாம் என்கிறார். ஏழு நாள் பேக்கேஜ் நபருக்கு ரூ.1.45 லட்சம். “விசாவே வேண்டாம், நீங்கள் கட்டிவிடுங்கள், மாதாமாதம் தந்துவிடுகிறேன்” என்கிறார். தனிநபர் கடன், நகைக் கடன், செயலியில் வரும் ‘நோ காஸ்ட் இஎம்ஐ’, இவற்றில் எது லாபம்? மனைவியின் தம்பி என்பதால் மறுக்கத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: எந்தக் கடன் மலிவு என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் பாலி கணக்கை முடிப்போம். ரூ.14,700 வீதம் 24 மாதம் என்றால் மொத்தம் ரூ.3,52,800. அதாவது வட்டி மட்டும் ஏறக்குறைய ரூ.53,000, அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்தால் சுமார் ரூ.62,000. மைத்துனரின் பங்கு ரூ.1.5 லட்சம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வட்டியில் பாதியையும் சேர்த்தால் அது ரூ.1.81 லட்சம். தந்த ரூ.40,000 போக அவர் தர வேண்டியது ரூ.1.41 லட்சம். நீங்கள் வங்கிக்கு இனிக் கட்ட வேண்டியதோ ரூ.1.47 லட்சம். ஆக, உங்கள் பங்கை நீங்கள் ஏற்கெனவே அடைத்துவிட்டீர்கள்; மிச்சமிருக்கும் பத்துத் தவணைகளும் அநேகமாக முழுக்க முழுக்க அவருடையவை.

இந்த நிலையில் பேக்கேஜுக்காக ரூ.8.7 லட்சத்தை 15 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுத் தனிநபர் கடனாக வாங்கினால், மாதத் தவணை ரூ.30,000-ஐத் தாண்டும். வீட்டுக் கடன், பாலி, பெல்கிரேடு என மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய ரூ.76,000 போய்விட, வீட்டுச் செலவுக்கும் பிள்ளையின் படிப்புக்கும் நிற்பது ரூ.16,000. மைத்துனர் ஒழுங்காகத் தந்தால் சமாளிக்கலாம் என்று சொல்வீர்கள். பதினான்கு மாதத்தில் ரூ.40,000 தந்தவரை நம்பி அந்தக் கணக்கைப் போட எனக்குத் துணிவில்லை. ‘நோ காஸ்ட்’ என்ற பெயரைப் பார்த்தும் மயங்க வேண்டாம். ரொக்கமாகக் கட்டினால் கிடைத்திருக்கும் தள்ளுபடியிலும், செயலாக்கக் கட்டணத்திலும், ஜிஎஸ்டியிலும் அந்தச் செலவு ஒளிந்திருக்கும். ஊர் சுற்றுவதற்காக மனைவியின் நகையை அடகு வைப்பதைப் பற்றி நான் எழுதவே விரும்பவில்லை.

விசா விஷயத்தில் அவர் சொல்வது பழைய கதை. இந்தியர்கள் விசா இல்லாமல் செர்பியாவுக்குள் நுழையும் சலுகை 2023 ஜனவரி 1 முதல் இல்லை. செல்லுபடியாகும் ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது), பிரிட்டன் அல்லது அமெரிக்க விசா கையில் இருந்தால் நுழையலாம். மற்றவர்கள் செர்பிய விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தோடு வங்கிக் கணக்கு விவரத்தையும் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், மைத்துனர் குடும்பத்தின் பணம் அவர் கணக்கிலேயே இருப்பதுதான் முறை.

ஊரின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஐரோப்பியத் தலைநகரங்களில் பெல்கிரேடு பையை அதிகம் பதம் பார்க்காத ஊர். சாவா ஆறு டான்யூபில் கலக்கும் இடத்தில் நிற்கும் காலேமெக்தான் கோட்டை வளாகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. புனித சாவா பேராலயத்துக்கும் கிடையாது. 2025 தொடக்கத்திலிருந்து நகரப் பேருந்தும் டிராமும் இலவசம். மின்துறைக் கண்டுபிடிப்பாளர் நிக்கோலா தெஸ்லாவின் அருங்காட்சியகத்துக்கும், பழைய யூகோஸ்லாவியாவின் அதிபராக இருந்த டிட்டோவின் சமாதி உள்ள யூகோஸ்லாவியா அருங்காட்சியகத்துக்கும்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். (1961-இல் நேரு கலந்துகொண்ட அணிசேரா நாடுகளின் முதல் உச்சி மாநாடு நடந்த ஊர் இது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லி அழைத்துப் போங்கள்.)

நீங்கள் மூவர் மட்டும் பேக்கேஜ் இல்லாமல் போனால், என் தோராயக் கணக்கு இது: இஸ்தான்புல் அல்லது வளைகுடா வழியாக விமான டிக்கெட் ரூ.1.95 லட்சம், ஆறு இரவு தங்க ரூ.33,000, சாப்பாடு ரூ.42,000, விசாவும் காப்பீடும் ரூ.35,000, மற்றவை ரூ.25,000. மொத்தம் ரூ.3.3 லட்சம். பேக்கேஜில் இதே மூவருக்கு ரூ.4.35 லட்சம் ஆகிறது. அதன் மேல், வெளிநாட்டுப் பேக்கேஜை விற்பவர் மூலத்தில் வசூலிக்கும் வரியையும் (டிசிஎஸ்) முதலிலேயே கட்ட வேண்டும். வருமான வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றாலும், அதுவரை உங்கள் பணம் முடங்கிக் கிடக்கும்.

வரும் மே மாதத்தை விட்டுவிடுங்கள். அதற்கடுத்த மே மாதத்துக்கு 18 மாதம் இருக்கிறது. மீதமுள்ள பத்துத் தவணைகளையும் மாதந்தோறும் மைத்துனர் உங்கள் கணக்கில் போடட்டும், விடுபடும் ரூ.14,700-ஐ நீங்கள் தொடர் வைப்பில் (ஆர்.டி.) போட்டு வந்தால் ரூ.2.65 லட்சமும் கொஞ்சம் வட்டியும் சேரும். இடையில் வரும் ஒரு தீபாவளி போனஸையும் சேர்த்தால் கடனே இல்லாமல் போய் வரலாம். பல நாட்டு நாணயங்களை ஏற்றிக்கொள்ளலாம் என்று விற்கப்படும் பயண அட்டைகளில் செர்பிய தினார் வழக்கமாக இருப்பதில்லை. யூரோவை ஏற்றி தினாரில் செலவழித்தால் மாற்றுக் கட்டணம் இன்னொரு முறை விழும். அளவாக யூரோ நோட்டுகளைக் கொண்டுபோய் அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். கடையில் கார்டு இயந்திரம் ரூபாயா தினாரா என்று கேட்டால் தினாரையே தேர்ந்தெடுங்கள்.

மைத்துனரிடம் மறுப்பாக எதையும் சொல்ல வேண்டியதில்லை. தேதியை ஒன்றாகப் பார்ப்போம், டிக்கெட்டை அவரவர் எடுத்துக்கொள்வோம் என்று சொல்லுங்கள். அதையும் பாலி கணக்கை எழுதிய தாளோடு, உங்கள் மனைவியை அருகில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். பத்துத் தவணைகளில் முதல் மூன்று அவரிடமிருந்து வராவிட்டால் மீதியை எதிர்பார்க்காமல், பயணத்தை ஓராண்டு தள்ளிவைத்து, பாலி கடன் முடிந்த மாதத்திலிருந்து வைப்பைத் தொடங்குங்கள்.