எண்ணங்களை இஷ்டப்படி பரப்பி வைத்து யோசிக்க எந்தச் செயலி நல்லது?

கேள்வி: வரிசையாகக் குறிப்பு எழுத எனக்கு வரவில்லை. மனதில் தோன்றுவதையெல்லாம் அங்கங்கே போட்டு வைத்து, பிறகு அடுக்கிப் பார்க்கிற மாதிரி செயலி ஏதாவது உண்டா?

உண்டு. கணினியில் உட்கார்ந்து வேலை செய்பவர் என்றால் அப்சிடியன் என்ற குறிப்பெழுதும் செயலியில் இருக்கும் கேன்வாஸ் என்ற பலகையைத்தான் சொல்வேன். 2022 டிசம்பரில் வந்த வசதி, இலவசம். காலி இடத்தில் டபுள் கிளிக் செய்தால் ஓர் அட்டை வரும், அதில் எழுதலாம். படம், பிடிஎஃப், ஏற்கெனவே எழுதிய குறிப்பு எதையும் இழுத்துப் போடலாம். அட்டையின் விளிம்பிலிருந்து இழுத்தால் அம்புக்குறி, அதன் மேலேயும் இரண்டு வார்த்தை எழுதிக்கொள்ளலாம்.

மைண்ட் மேப் செயலிகளை நான் இதற்குச் சொல்லமாட்டேன். நடுவில் தலைப்பைப் போடு, அதிலிருந்து கிளை பிரி என்று முதல் நிமிடத்திலேயே கேட்கும். தலைப்பு என்னவென்றே பிடிபடாத நேரத்தில்தானே நமக்குப் பலகை தேவைப்படுகிறது!

எங்கள் பக்கத்து ஏரிகளைப் பற்றிய ஒரு கட்டுரைக்கு இதைப் பயன்படுத்தினேன். மதகுப் படங்கள், பழைய வரைபடம், விவசாயிகள் சொன்னவை எல்லாம் தனித்தனி அட்டைகள். அம்புக்குறி எதுவும் போடவில்லை. மேல் ஏரி பற்றியவை மேலே, அதன் உபரி நீர் போய்ச் சேரும் ஏரி பற்றியவை கீழே என்று மட்டும் வைத்தேன். "இப்பல்லாம் கலங்கல்ல தண்ணி போறதே இல்ல" என்று ஒருவர் சொன்ன அட்டையும் (கலங்கல் என்றால் ஏரியின் உபரி நீர் வெளியேறும் இடம்), வாய்க்காலை ஒட்டிப் போட்ட புதுச் சாலையின் படமும் அருகருகே வந்து நின்றன. இரண்டும் என் நோட்டில் பல பக்கம் தள்ளி இருந்தவை. அடுத்து யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது அங்கேதான் தெரிந்தது. அதனால்தான் சொல்கிறேன்: முதலில் இடம் கொடுங்கள், அம்புக்குறியை அப்புறம் போடுங்கள். தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் இணைத்துவிட்டால் பிறகு நகர்த்த மனம் வராது.

இதைவிட முக்கியம், கோப்பு யாரிடம் இருக்கிறது என்பது. கூகுளின் ஜாம்போர்டு என்ற இணையப் பலகை 2024 டிசம்பர் 31-இல் மூடப்பட்டது. அதில் பலகை வைத்திருந்த ஆசிரியர்கள் எத்தனையோ பேர், எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. கேன்வாஸ் கோப்பு உங்கள் கணினியிலேயே, வெறும் உரைக் கோப்பாக இருக்கும். அதன் வடிவத்தை 2024-இல் யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்தும் விட்டார்கள். நாளைக்கு அப்சிடியனே இல்லாமல் போனாலும் எழுதியது கையில் இருக்கும். பல வருடக் குறிப்புகளைச் சேர்க்கப் போகிறவருக்கு இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கையால் வரைந்து யோசிப்பவருக்கு எக்ஸ்காலிட்ரா அருமை. கணக்கு தொடங்கவே வேண்டாம், உலாவியில் திறந்து உடனே வரையலாம். அதன் கையெழுத்து போன்ற எழுத்துருவில் தமிழ் கிடையாது, தமிழுக்குக் கணினியில் உள்ள எழுத்துருதான் வரும். ஐபேடும் அதில் எழுதும் ஆப்பிள் பென்சிலும் இருந்தால் ஆப்பிளின் ஃப்ரீஃபார்ம் போதும், ஆனால் ஆண்ட்ராய்டில் அது கிடையாது. நாலைந்து பேர் ஒரே நேரத்தில் ஒரே பலகையில் வேலை செய்ய மீரோ. தனி ஆளுக்கு அது அதிகம்.

ஒரு பலகையில் ஒரு வேலைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு, வீட்டுச் செலவு, கதைக் கரு என்று எல்லாம் ஒரே பலகையில் சேர்ந்தால், பெரிதாக்கிச் சிறிதாக்கித் தேடுவதிலேயே நேரம் போய்விடும். வேலை முடிந்ததும் உருப்படியான அட்டைகளை வலது கிளிக் செய்து தனிக் குறிப்பாக மாற்றிவிடலாம். அடுத்த பலகையிலும் அதே குறிப்பை இழுத்துப் போட முடியும்.

உங்களிடம் கைபேசி மட்டும்தான் என்றால் இவை எதிலும் பெரிய சுகம் இருக்காது. ஒரு பார்வையில் பலகை முழுதும் தெரிய அந்தத் திரை போதாது. தோன்றியதை அதில் குறித்துக்கொண்டு, பரப்புகிற வேலையைப் பெரிய திரை கிடைக்கும்போது செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரு சார்ட் பேப்பரும் ஒட்டும் தாள்களும் வாங்கிக்கொள்ளுங்கள்.