கிலோவா, லிட்டரா? தேங்காய் எண்ணெய் முதல் கேஸ் சிலிண்டர் வரை

வீட்டுச் செலவு பற்றி இந்த முறை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் தேங்காய் எண்ணெயைப் பற்றியவை. நம் குமரி மாவட்டத்தில் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், கொஞ்சம் விரிவாக.

கேள்வி: வீட்டில் ஐந்து பேர். மாதம் மூன்று லிட்டர் தேங்காய் எண்ணெய் வேண்டும். வேறு எண்ணெய் வாசனை அடித்தால் மாமியார் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். பக்கத்து மில்லில் கிலோ 400 ரூபாய் சொல்கிறார்கள். கடையில் பாட்டில் எண்ணெய் லிட்டர் 390. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் தென்னை மரப் படம் போட்ட பாட்டில் லிட்டர் 240-க்குக் கிடைக்கிறது. எதை வாங்கலாம்? – வாசகி, தக்கலை

பதில்: மில்காரர் கிலோவில் பேசுகிறார், கடைக்காரர் லிட்டரில் பேசுகிறார். இரண்டும் ஒன்றல்ல. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெயை நிறுத்தால் ஏறக்குறைய 915 கிராம்தான் இருக்கும். அப்படியானால் மில்லில் கிலோ 400 என்பது லிட்டருக்கு 366 ரூபாய். பார்வைக்குப் பத்து ரூபாய் அதிகமாகத் தெரிகிற மில் எண்ணெய், உண்மையில் லிட்டருக்கு 24 ரூபாய் குறைவு. மூன்று லிட்டருக்கு 72 ரூபாய். ஒரு நாள் மீன் காசில் பாதியாவது தேறும்.

மில்லுக்குப் பாட்டில் கொண்டுபோகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். காலிப் பாட்டிலைத் தராசில் வைத்து, அது காட்டும் எடையைப் பூஜ்யமாக்கிய பிறகுதான் ஊற்ற வேண்டும். கண்ணாடி பாட்டில் என்றால் அதுவே அரைக் கிலோ இருக்கும். பழகிய மில்தானே என்று திரும்பி நின்று பேசிக்கொண்டிருந்து நானே ஒருமுறை பாட்டிலுக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருக்கிறேன். அவர் வேண்டுமென்று செய்தாரா, மறந்தாரா என்று இன்றுவரை தெரியாது.

அடுத்து அந்த 240 ரூபாய் பாட்டில். இதற்குத் தென்னை விவசாயிகள் மனதில் வைத்திருக்கும் கணக்கு போதும். ஒரு கிலோ கொப்பரையை ஆட்டினால் 600 முதல் 650 கிராம் எண்ணெய் வரும். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலேயே கொப்பரை வேண்டும். ஆக, அன்றைய கொப்பரை விலையைக் கேட்டு ஒன்றரையால் பெருக்குங்கள். கொப்பரை 250 என்றால் எண்ணெய் கிலோ 375-க்குக் கீழே வரவே வழியில்லை. மில்காரருக்குப் புண்ணாக்கில் கொஞ்சம் கிடைக்கும், ஆட்டுக்கூலி அதில் கழிந்துபோகும். இந்த நிலையில் ஒருவர் லிட்டர் 240-க்குத் தருகிறார் என்றால் உள்ளே இருப்பது முழுக்கத் தேங்காய் இல்லை. பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் கலப்பு எண்ணெய் என்றோ பாமாயில் என்றோ போட்டிருக்கும். கலப்பு எண்ணெய் விற்பது குற்றமல்ல. அக்மார்க் முத்திரையோடு, இன்ன எண்ணெய் இத்தனை சதவீதம் என்று எழுதி விற்கலாம். மரத்தின் படத்தைப் பார்த்துத் தேங்காய் எண்ணெய் என்று நினைத்து வாங்குவதில்தான் ஏமாற்றம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃபிரீசரில் வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் தனி அடுக்காக உறையாமல் நிற்கும். ஆனால் எண்ணெய்ப்பனைக் கொட்டையின் பருப்பில் எடுக்கும் பாம் கர்னல் எண்ணெயும் குளிரில் உறையும். அதனால் உறையாவிட்டால் சந்தேகம் உறுதி. உறைந்துவிட்டது என்பதற்காகச் சுத்தம் என்று சத்தியம் செய்ய முடியாது.

விலை ஏன் இப்படி ஏறியது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். 2025 பருவத்துக்கு அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு வைத்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய், அதாவது கிலோ 116 சொச்சம். அந்த ஆண்டு நடுவில் சந்தை விலை அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போனது. வெயிலும் வெள்ளை ஈயும் வாடல் நோயும் காய்ப்பைக் குறைத்தன, இளநீருக்கென்று ஒரு பங்கு முன்கூட்டியே வெட்டப்பட்டது, 2024 செப்டம்பரில் வெளிநாட்டுச் சமையல் எண்ணெய்களுக்கு இறக்குமதி வரி கூடியதால் பாமாயிலும் ஏறியது. பத்து மரம் வைத்திருப்பவர் லாபம் பார்த்தாரா என்றால், பறிக்க ஆள் கிடைத்தவர் பார்த்தார்.

சமையலறையில் என்ன செய்யலாம்? மாமியார் கண்டுபிடிப்பது வாசனையை. அவியலில் இறக்கும்போது ஊற்றும் பச்சை எண்ணெயிலும், மீன் குழம்பில் கடைசியில் தாளிக்கும் எண்ணெயிலும்தான் அந்த வாசனை இருக்கிறது. அந்த இரண்டுக்கும் நல்ல மில் எண்ணெய். பப்படம் பொரிக்க, மீன் வறுக்க வேறு எண்ணெய். மூன்று லிட்டர் ஒன்றரை லிட்டர் ஆகிவிடும். வறுவலில் அவர் கண்டுபிடித்தால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: மீன்பிடித் தடை இரண்டு மாதம் என்கிறார்கள். ஆனால் எங்களுக்கு ஏப்ரல் பாதியில் ஏறும் மீன் விலை ஜூலை முடிகிறவரை இறங்குவதே இல்லை. வியாபாரிகள் தடையைச் சாக்கு வைத்து ஏமாற்றுகிறார்களா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: வியாபாரிகளை விட்டுவிடுங்கள், இது நம் மாவட்டம் இருக்கும் இடத்தின் கோளாறு. கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. சின்னமுட்டம் விசைப்படகுகள் இதில் வரும். மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இன்னொரு 61 நாள். குளச்சலும் முட்டமும் தேங்காய்ப்பட்டணமும் இதில். மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு தடை, நமக்கு இரண்டு. ஏப்ரல் 15 தொடங்கி ஜூலை 31 வரை ஏதாவது ஒரு பக்கம் பூட்டியே இருக்கும். ஜூன் முதல் 14 நாள் இரண்டு பக்கமும் பூட்டு. அந்த இரண்டு வாரம் நெய்மீன் (வஞ்சிரம்), விளமீன் பக்கம் போகாதீர்கள். ஜூன் 15-க்குப் பிறகு சின்னமுட்டத்துப் படகுகள் கடலுக்குப் போனதும் கொஞ்சம் மூச்சு விடலாம்.

தடை விசைப்படகுக்குத்தான். வள்ளமும் கட்டுமரமும் போகும், கடல் சீறாத நாளில். அவற்றில் வருவது சாளை (மத்தி), நெத்திலி, அயிலை (கானாங்கெளுத்தி). விலையும் அன்றன்றைக்கு மாறும். நல்ல மீன்பாடு கிடைத்த நாளில் கரையில் ஏலம் முடிந்து ஒரு மணி நேரத்தில் சாளை விலை சரிவதைப் பார்க்கலாம். வாங்குவதை அந்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாள் மரச்சீனிக்கு (மரவள்ளிக் கிழங்கு) தேங்காய்ச் சம்மந்தி (துவையல்) போதும். சம்மந்திக்குத் தேங்காய் என்ன விலை என்று கேட்காதீர்கள், அது முதல் கேள்வியில் முடிந்துவிட்டது.

பெரிய மீனா சின்ன மீனா என்று பார்க்கும்போது கழிவையும் கணக்கில் எடுங்கள். ஒரு கிலோ சாளை வாங்கித் தலையும் குடலும் செதிலும் போக நிறுத்துப் பார்த்தேன், 650 கிராம் நின்றது. தலை பெரிதாக உள்ள மீனில் கழிவு இன்னும் போகும். ஆனால் தலையைக் குழம்பு வைக்கிற வீட்டில் அது நஷ்டமில்லை.

கருவாட்டுக்கு பிப்ரவரி, மார்ச் நல்ல நேரம். வெயில் இருக்கும், தடைக்காலம் தொடங்கியிருக்காது. கையில் எடுத்து உதறுங்கள், உப்பு கொட்டினால் உப்பையும் நீங்கள் மீன் விலைக்கு வாங்குகிறீர்கள் என்று பொருள். நெத்திலிக் கருவாடு வளைத்தால் ஒடிய வேண்டும். வளைந்துகொண்டே போனால் உள்ளே ஈரம், அதுவும் எடைதான். பத்து நாளில் பூசணமும் பிடிக்கும்.

கேள்வி: ரேஷன் கடையில் பருப்பும் பாமாயிலும் "இன்னும் வரல, அடுத்த வாரம் வாங்க" என்கிறார்கள். அடுத்த வாரம் போனால் தீர்ந்துவிட்டது. போன மாதம் வாங்காத பாமாயிலை வாங்கியதாக போனில் மெசேஜ் வந்தது. கேட்டால் "சிஸ்டம் அப்படித்தான்" என்கிறார். – வாசகி, திங்கள்சந்தை

பதில்: சிஸ்டம் அப்படியில்லை. உங்கள் கார்டில் பில் போட்டால்தான் உங்கள் போனுக்கு மெசேஜ் வரும். பொருள் வராமல் மெசேஜ் வந்தால், உங்கள் பேரில் யாரோ பில் போட்டிருக்கிறார்கள். அந்த மெசேஜை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1967 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள். 1800 425 5901 என்ற எண்ணும் உண்டு. வட்ட வழங்கல் அலுவலகத்தில் எழுதியும் கொடுக்கலாம். மெசேஜின் தேதியையும் கடை எண்ணையும் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25 என்பது ரேஷன் விலை. வெளிக்கடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால், அந்த மெசேஜ் சின்ன விஷயமில்லை என்று புரியும். சரக்கே வராத மாதமும் உண்டு. 2024 மே மாதம் பருப்பும் பாமாயிலும் பல கடைகளுக்கு நேரத்துக்கு வரவில்லை. அப்போது மே மாதப் பங்கை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசே அறிவித்தது. அப்படிப்பட்ட அறிவிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: உப்பு, டீத்தூள், சோப்பு வாங்கினால்தான் அரிசி தருவேன் என்று யாராவது சொன்னால் வாங்க வேண்டியதில்லை. கூச்சப்பட்டுக்கொண்டு வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி: பத்து ரூபாய் பிஸ்கட் பத்து ரூபாய்தான். ஆனால் பிள்ளைகள் இரண்டு பாக்கெட் கேட்கிறார்கள். எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறதா? – வாசகர், மார்த்தாண்டம்

பதில்: உங்களுக்கு மட்டுமில்லை. முன்பு பிஸ்கட், சோப்பு, டீத்தூள் போன்றவற்றை இன்ன இன்ன எடையில்தான் பாக்கெட் போடலாம் என்று விதி இருந்தது. அது போய்விட்டது. அதற்குப் பதிலாக எம்ஆர்பிக்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கு என்ன விலை என்று அச்சிட வேண்டும். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பாக்கெட்டில் கிலோவுக்கு என்ன விலை என்று இருக்கும். கண்ணாடி போட்டுத்தான் படிக்க முடியும், ஆனால் இருக்கும். பெரிய எழுத்து விலையை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

என் மேஜை இழுப்பறையில் ஒரு பழைய சோப்பு உறை கிடக்கிறது, 125 கிராம். அதே விலையில் இப்போது வருவது 100 கிராம். எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை நான்கில் ஒரு பங்கு ஏறியதாகக் கணக்கு. எப்போதும் குறையவே செய்யும் என்றும் இல்லை. 2025 செப்டம்பர் 22-ல் சோப்பு, பற்பசை, பிஸ்கட்டுக்கெல்லாம் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனபோது, ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டில் விலையைக் குறைக்கச் சில்லறை ஒத்துவராமல் சில நிறுவனங்கள் எடையைக் கூட்டின. பெரிய பாக்கெட் எப்போதும் லாபம் என்பதும் உண்மையில்லை. கிராம் விலையைப் பார்த்தால் இரண்டு சின்னது மலிவாக இருக்கும் நேரமும் உண்டு.

எம்ஆர்பிக்கு மேல் காசு கேட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். "கூலிங் சார்ஜ்" என்று தனியாக ஒன்றும் கிடையாது. சந்தைத் தராசில் சந்தேகம் என்றால் நாகர்கோவிலில் தொழிலாளர் துறை அமலாக்கப் பிரிவு; தராசுகளுக்கு முத்திரை போடுவது அவர்கள்தான்.

கேள்வி: கேஸ் சிலிண்டர் முன்பு 40 நாள் வரும், இப்போது 32 நாளில் தீர்கிறது. குறைத்துத் தருகிறார்களா? குத்தரிசிச் சோறுதான் சாப்பிடுகிறோம். – வாசகி, குலசேகரம்

பதில்: குறைகிறதா என்று ஊகிக்க வேண்டாம், நிறுத்துப் பாருங்கள். சிலிண்டரின் கழுத்து வளையத்துக்குக் கீழே இருக்கும் தகட்டில் காலி எடை எழுதியிருக்கும், 15.3 என்பது போல. அதோடு 14.2-ஐக் கூட்டினால் 29.5 கிலோ. கொண்டுவருகிறவர் தராசு வைத்திருக்க வேண்டும், கேட்டால் நிறுத்துக் காட்ட வேண்டும். குறைந்தால் சீல் உடைக்காமல் திருப்பி அனுப்புங்கள். உடைத்த பிறகு பேச்சு எடுபடாது. பில்லில் இருக்கும் தொகை வீட்டில் கொண்டுவந்து தருவதற்கும் சேர்த்துத்தான். மேலே கொடுப்பது உங்கள் விருப்பம்.

எடை சரியாக இருந்தால் குற்றவாளி உங்கள் குத்தரிசி. முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் எந்த சிலிண்டரும் தாங்காது. இரவே ஊறவையுங்கள். காலையில் பத்து நிமிடம் நன்றாகக் கொதித்ததும் அடுப்பை அணைத்து, பானையை மூடி, வைக்கோலோ பழைய துணியோ திணித்த பெட்டிக்குள் இறக்கி மேலேயும் துணி போட்டு மூடிவிடுங்கள். கடையில் விற்கும் தெர்மல் குக்கரும் இதே வேலைதான் செய்கிறது. நடுவில் திறந்து பார்க்கக் கூடாது. ஒரு மணி நேரம் கழித்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பாருங்கள். இன்னும் நடுவில் வெள்ளை தெரிந்தால் ஒரு கொதி விட்டுக் கஞ்சி வடிக்கலாம்.