இலவச எண்ணுக்கு எதற்குக் கட்டணம்?

கேள்வி: எங்கள் கோயில் குழு தமிழிலும் ஆங்கிலத்திலும் மூன்று மாதத்திற்கு ஓர் இதழ் கொண்டுவர விரும்புகிறது. 300 பிரதிகள் போதும். உரிமத்துக்கும் ஐஎஸ்எஸ்என் எண்ணுக்கும் தனித்தனிக் கட்டணம், குறைந்தது 2,000 பிரதி என்கிறார் தரகர். நாங்கள் நடத்தப்போவது செய்தித்தாளா, சஞ்சிகையா? – சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா) வாசகி

அம்மா, அந்தத் தரகருக்கு ஒரு ராண்டுகூடக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் நடத்தப்போவது சஞ்சிகை. அதைத் தொடங்க இன்று அரசு உரிமம் எதுவும் வேண்டியதில்லை. இனஒதுக்கல் ஆட்சியில் செய்தித்தாளைப் பதியப் பிணைத்தொகை கேட்ட காலம் உண்டு. பெரியவர்கள் மனத்தில் தங்கிவிட்ட அந்த அச்சத்தைத்தான் இந்தத் தரகர்கள் காசாக்குகிறார்கள்.

ஐஎஸ்எஸ்என் என்பது தொடர்ந்து வரும் வெளியீட்டை அடையாளம் காட்டும் எட்டு இலக்க எண். தென்னாப்பிரிக்கத் தேசிய நூலகம் அதை இலவசமாகவே தருகிறது. ஒருமுறை வாங்கினால் எல்லா இதழ்களுக்கும் அதே எண்தான். பெயரை மாற்றினால்தான் புதியது வேண்டும். இதழின் பெயர்மீது அது உங்களுக்கு உரிமை எதையும் தருவதில்லை. இலவசம் என்ற இந்த ஒரு வரியை நம் ஊர் நூலகங்களின் வாசலில் எழுதி வைத்திருந்தால் இத்தனை கோயில்கள் ஏமாந்திருக்குமா? ஆண்டாண்டாகக் கேட்கிறேன், எழுதி வைக்க ஆளில்லை.

திருவிழா மலரில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். குடமுழுக்குக்காக ஒரே ஒருமுறை வெளியிடும் மலர், புத்தகம். அதற்கு உரியது புத்தகங்களுக்கான பதின்மூன்று இலக்க எண்ணான ஐஎஸ்பிஎன். அதே மலரை ஒரே பெயரில் ஆண்டுதோறும் கொண்டுவந்தால் அது தொடர் வெளியீடு, ஐஎஸ்எஸ்என் பெறலாம். அந்தந்த ஆண்டின் மலரைத் தனி நூலாகவும் விற்பதானால் இரண்டு எண்களையும் சேர்த்தே போடலாம், தவறில்லை. பக்க எண்ணிக்கையையோ தாளின் தரத்தையோ வைத்து இது முடிவாவதில்லை. திரும்ப வருமா, வராதா என்பதுதான் கேள்வி.

ஆஃப்செட் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிளேட் (அச்சுத் தகடு) செய்தாக வேண்டும். பத்துப் பிரதிக்கும் பத்தாயிரத்துக்கும் அந்தச் செலவு ஒன்றே, அதனால்தான் தரகர் 2,000 கேட்கிறார். டிஜிட்டல் அச்சில் பிளேட் இல்லை. 300 பிரதிக்கு அதுதான் ஏற்றது. நடுவில் பின் அடிப்பதானால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்கட்டும். நூறோ அதற்கு மேலோ அச்சிட்டால் ஐந்து பிரதிகளைச் சட்டப்படி, வெளியீடுகளைச் சேமித்து வைக்கும் வைப்பு நூலகங்களுக்குத் தர வேண்டும். அவற்றில் ஒன்று உங்களுக்கு அருகில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. அந்தப் பிரதிகளையும் சேர்த்தே அச்சிடச் சொல்லுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது தமிழ்ப் பக்கங்கள். பத்திரிகையாளர் பி. எஸ். ஐயர் 1901-இலேயே பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தமிழும் ஆங்கிலமும் கலந்து வார இதழ் நடத்தினார். 1903-இல் டர்பனில் நான்கு மொழிகளில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ் 1906-இல் தமிழ்ப் பகுதியை நிறுத்தியது. தமிழ் ஆசிரியரும் அச்சுக்கோப்பவரும் கிடைக்காததே காரணம். இன்று எழுத்துகளைக் கணினியே கோத்துவிடுகிறது, அதை வாசித்துப் பார்க்கும் கண் மட்டும் அச்சகத்தில் இல்லை. சென்ற ஆண்டு என் கைக்கு வந்த ஒரு மலரில் 'கோயில்' என்ற சொல்லின் இரட்டைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. அதுவும் அட்டையில்! நெஞ்சு வலித்தது. யூனிகோடில் தட்டச்சு செய்து, எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். பழைய எழுத்துருவில் இருப்பதை வெட்டி ஒட்டாதீர்கள். திரையில் சரியாகத் தெரிகிறது என்று அச்சகத்தார் சொன்னாலும் ஏற்காமல், தாளில் எடுத்த மெய்ப்பை (புரூஃப்) வாங்குங்கள். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அதை அட்டையிலிருந்து கடைசிப் பக்கம்வரை வாய்விட்டுப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.