ரூட்டருக்கு முன்னால் 290, பின்னால் 94

கேள்வி: 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறேன். மோடமிலிருந்து லேப்டாப்புக்கு நேராக கேபிள் செருகினால் 290 வருகிறது. நடுவில் ரூட்டரை வைத்தால் கேபிளிலேயே 94தான், என் பழைய போனில் வைஃபை என்றால் 35, 40. இணைப்பு கொடுத்தவர்களிடம் கேட்டால் "எங்க பக்கம் லைன் சரியா இருக்கு" என்கிறார்கள். ரூட்டரை மாற்றிவிடவா?

பதில்: நேராகச் செருகிப் பார்த்துவிட்டு எழுதினீர்களே, அதற்கே ஒரு நன்றி. "நெட் ஸ்லோ, என்ன செய்யலாம்?" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல? உங்கள் விஷயத்தில் லைன்காரர் சொன்னது உண்மைதான். மோடம் வரைக்கும் 290 வந்துவிட்டது, தொலைவது அதற்கு அப்புறம்.

இப்போது அந்த 94-ஐப் பாருங்கள். 90 இல்லை, 110 இல்லை, எத்தனை முறை சோதித்தாலும் 94, 95 என்று ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் அது நெரிசல் இல்லை, எங்கோ ஒரு இணைப்பு 100 எம்பிபிஎஸ் வேகத்தில் பூட்டிக்கொண்டு நிற்கிறது. நூறில் தரவைச் சுமந்து போகும் தலைப்புகளுக்குக் கொஞ்சம் போய்விடும், கைக்கு வருவது 94 சொச்சம். காரணம் இரண்டில் ஒன்று. உங்கள் ரூட்டரின் போர்ட்டுகளே, அதாவது கேபிள் செருகும் துளைகளே, 100 வரைதான் என்றிருக்கலாம் (அட்டைப்பெட்டியில் 1200 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், அது வைஃபை அலைவரிசைகளின் கணக்குகளைக் கூட்டிப் போட்ட எண், பின்னாலிருக்கும் போர்ட்டைப் பற்றியது இல்லை). மாடல் எண்ணைத் தேடி, போர்ட் விவரத்தில் 10/100 என்றிருக்கிறதா, 10/100/1000 என்றிருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது என்றால் பேச்சே இல்லை, ரூட்டரை மாற்றத்தான் வேண்டும்.

இரண்டாவது என்றால் கேபிள் மேல் சந்தேகப்படுங்கள். நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு, 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நாலே போதும், 1000 வேண்டுமென்றால் எட்டும் வேண்டும். நாற்காலிக்கால் ஏறியோ, கதவிடுக்கில் நசுங்கியோ மற்ற நாலில் ஒன்று அறுந்துவிட்டால், கருவிகள் ஒரு எச்சரிக்கையும் காட்டாமல் 100-க்கு இறங்கி வேலை செய்துகொண்டே இருக்கும், நெட் வருகிறதே என்று நாமும் விட்டுவிடுவோம். நேராகச் செருகி 290 வாங்கினீர்களே, அந்தக் கேபிள் நல்லது. ரூட்டர் வந்ததும் கேபிள் இரண்டாகிவிடுகிறது, மோடம் முதல் ரூட்டர் வரை ஒன்று, ரூட்டர் முதல் லேப்டாப் வரை இன்னொன்று. லேப்டாப்பில் ஈதர்நெட் விவரத்தைத் திறந்து லிங்க் ஸ்பீட் பாருங்கள். அங்கே 100 என்றிருந்தால் கோளாறு லேப்டாப் பக்கத்துக் கேபிளில். 1000 என்றிருந்தும் டெஸ்டில் 94தான் என்றால் மோடம் பக்கத்துக் கேபிளில். நல்லதாகத் தெரிந்த கேபிளை அந்த இடத்தில் போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விடை.

ஒரு சின்ன எச்சரிக்கை: கருவியை மாற்றிச் செருகும் ஒவ்வொரு முறையும் மோடமை அணைத்துப் போடுங்கள், சில மோடம்கள் முதலில் பார்த்த கருவியையே பிடித்துக்கொண்டு புதியதற்கு இணைப்புத் தராது. அதோடு, நேராகச் செருகும்போது ரூட்டரின் பாதுகாப்பு இல்லாமல் லேப்டாப் வெளியே நிற்கும், டெஸ்ட் முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

வைஃபை 35, 40 என்பது வேறு கதை. அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் முகம். ஒரே ஆன்டெனா உள்ள பழைய போன் அதில் 72 எம்பிபிஎஸ்ஸில் இணையும், வைஃபையில் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும் என்பதால் அதில் ஏறக்குறைய பாதிதான் கைக்கு வரும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்குத் தனிப் பெயர் வைத்து, அதை எடுக்கக்கூடிய கருவிகளை அதில் மாட்டுங்கள். ஒரே அறையில் இருந்தால் 300 எட்டிவிடலாம், சுவர்களைத் தாண்டத் தாண்ட 2.4-ஐ விட வேகமாகச் சரியும். 2.4-லேயே இருந்தாக வேண்டுமென்றால் அதற்குள் இருக்கும் தடங்களில், அதாவது சேனல்களில், 1, 6, 11 மூன்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். 3 காலியாக இருக்கிறதே என்று அங்கே போய் உட்கார்ந்தால் 1-ல் இருப்பவரும் 6-ல் இருப்பவரும் சேர்ந்து இடிப்பார்கள்.

கேள்வி: போர்ட்டும் கேபிளும் 1000தான், பார்த்துவிட்டேன். 500 எம்பிபிஎஸ் பிளான். ஆனாலும் ரூட்டர் வழியாக, கேபிளில்கூட, 180-ஐத் தாண்டவில்லை.

பதில்: அப்படியென்றால் ரூட்டரின் மூளைக்கு மூச்சு வாங்குகிறது. வருகிற ஒவ்வொரு பாக்கெட்டின் (தரவுத் துண்டின்) முகவரியையும் மாற்றி எழுதி உள்ளே அனுப்புவது அதன் வேலை. நிறைய ரூட்டர்கள் இதற்குத் தனி வன்பொருள் குறுக்குவழி வைத்திருக்கும், ஆனால் கியூஓஎஸ் (எந்தத் தரவு முதலில் போகலாம் என்று வரிசைப்படுத்தும் வசதி), பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு, எந்தக் கருவி எவ்வளவு டேட்டா தின்றது என்ற கணக்கு, இதில் ஏதாவது ஒன்றைப் போட்டால் பாக்கெட் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டுமே, குறுக்குவழி பல மாடல்களில் அணைந்துவிடும். ஒவ்வொன்றாக அணைத்து ஒவ்வொரு முறையும் டெஸ்ட் எடுங்கள். மொத்தமாக அணைத்தால் குற்றவாளி யாரென்று தெரியாது.

கியூஓஎஸ் பக்கத்தில் இன்னொன்றும் கவனியுங்கள். "உங்கள் லைன் வேகம் எவ்வளவு" என்று ஒரு கட்டம் இருக்கும், ரூட்டர் அந்த எண்ணுக்கு மேல் விடாது. பழைய பிளானின் எண்ணை அதில் போட்டுவிட்டு, பிளானை ஏற்றிய பிறகும் மாற்றாமல் பல வாரம் லைன்காரரைத் திட்டிக்கொண்டிருந்த ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். இந்தப் பக்கத்துக்குப் பதில் எழுதுகிறவர்தான்.

ஃபேக்டரி ரீசெட் செய்வதாக இருந்தால், லைன் யூசர்நேமும் பாஸ்வேர்டும் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்தப் பொத்தானை அழுத்துங்கள். அப்புறம் "நெட்டே போச்சு" என்று எழுதாதீர்கள், எழுதவும் நெட் இருக்காது.

கேள்வி: டெஸ்டில் 100 காட்டுகிறது, படம் இறக்கினால் 11, 12தான். ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. டெஸ்ட் காட்டுவது பிட், படம் இறக்கும்போது காட்டுவது பைட். எட்டு பிட் ஒரு பைட். 100-ஐ எட்டால் வகுங்கள்.

கேள்வி: வேகமெல்லாம் முழுசாக வருகிறது. ஆனால் வீட்டில் யாராவது போட்டோக்களை பேக்கப் ஏற்ற ஆரம்பித்தால் என் வீடியோ கால் திக்குகிறது, கேம் நின்று நின்று ஓடுகிறது.

பதில்: இது வேகக் குறைவு இல்லை, வரிசை நீளம். ஏற்றும் வேகம் பல லைன்களில் இறக்கும் வேகத்தை விடக் குறைவு. பேக்கப் அந்தச் சின்ன வாசலை நிரப்பியதும் ரூட்டரோ மோடமோ பாக்கெட்டுகளைத் தூக்கிப் போடாமல் உள்ளே அடுக்கி வைத்துக்கொள்ளும், உங்கள் குரலும் அந்தக் கும்பலின் கடைசியில் போய் நிற்கும். சும்மா இருக்கும்போது பிங் (ஒரு பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரம்) எடுங்கள், பேக்கப் ஓடும்போது ஒருமுறை எடுங்கள். 20 மில்லிசெகண்ட் 400 ஆகிறது என்றால் இதுதான் நோய். ரூட்டரில் எஸ்க்யூஎம் என்று, இந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு வசதி இருந்தால் போட்டு, ஏற்றும் இறக்கும் வேகங்களை உண்மையில் வருவதில் 85, 90 சதவீதமாக வையுங்கள். கொஞ்சம் வேகம் போகும், கால் திக்காது. ஆமாம், மேலே ஒருவரிடம் அணைத்துப் பார்க்கச் சொன்ன அதே வகைச் சமாச்சாரம்தான், ரூட்டரின் மூளையைத் தின்னும். 500 எம்பிபிஎஸ் லைனில் மலிவு ரூட்டரால் இதைத் தாங்க முடியாது, 50, 100 லைனில் தாராளமாகப் போடலாம். அந்த வசதியே இல்லையென்றால் பேக்கப் ஆப்பிலேயே ஏற்றும் வேகத்துக்கு வரம்பு வைக்க முடிகிறதா பாருங்கள்.

கேள்வி: மாடி அறைக்கு ஒரு ரிப்பீட்டர் வாங்கி வைத்தேன். சிக்னல் கோடு எல்லாம் நிறைந்திருக்கிறது, வேகம் மட்டும் முன்னை விட மோசம்.

பதில்: அந்தக் கோடுகள் போனுக்கும் ரிப்பீட்டருக்கும் உள்ள உறவைத்தான் சொல்கின்றன. ரிப்பீட்டருக்கும் ரூட்டருக்கும் எப்படி என்று அதில் தெரியாது. சிக்னல் செத்துப்போன அறையிலேயே அதை வைத்திருந்தால், செத்த சிக்னலைத்தான் திரும்பச் சொல்லும். போதாததற்கு, ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர் கேட்டதை அதே சேனலில் மறுபடி சொல்ல வேண்டும், அங்கேயே பாதி வேகம் போச்சு. படிக்கட்டின் பாதி வழியில், ரூட்டரின் சிக்னல் இன்னும் திடமாக இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். மாடி வரை ஒரு கேபிள் இழுக்க முடிந்தால் இன்னும் நல்லது, அதே பெட்டியை ஆக்சஸ் பாயின்ட் நிலைக்கு (கேபிளில் வருவதை வைஃபையாகக் கொடுக்கும் நிலை) மாற்றி அதில் மாட்டிவிடுங்கள். கேபிளில் எட்டுக் கம்பியும் உயிரோடு இருக்கிறதா என்று இழுப்பதற்கு முன்னாலேயே சோதித்துக்கொள்ளுங்கள்.